எர்த் சரியில்லை, சார்!

சென்னையில் பட்டப்பகலில் ஹெட்லைட்டைப் போட்டுக்கொண்டு ஒரு மோட்டார் சைக்கிள் போகட்டும். எதிரே வருகிற முன்பின் தெரியாத மனிதர் ஒருவர் ஐந்து விரலையும் குவித்துக் குவித்து விரித்துக் காட்டுவார். "சார், லைட் எரியுது!" என்று அர்த்தம். லஸ் முனையில் காட்டுவார்கள், பாண்டி பஜாரில் காட்டுவார்கள், அடையாறு பாலத்தின் மேல் பறந்துகொண்டே காட்டுவார்கள். 2017 ஏப்ரல் முதல் புது டூவீலர்களில் இன்ஜின் ஓடினாலே ஹெட்லைட் எரியவேண்டும் என்று விதி வந்துவிட்டது. அணைக்கச் சுவிட்சே கிடையாது. ஆனாலும் நம் ஜனங்கள் கை காட்டுவதை விடவில்லை. நல்ல மனசு, என்ன செய்வது!

ஆனால் ஒரு விஷயத்தைக் கவனித்தீர்களா? எரிகிற விளக்கைப் பற்றிச் சொல்ல ஊரே இருக்கிறது. எரியாத விளக்கைப் பற்றிச் சொல்லத்தான் ஆள் இல்லை. உங்கள் பிரேக் லைட் செத்துப்போன விஷயம் உங்களுக்குத் தெரியாது. பின்னால் வருகிறவருக்குத்தான் தெரியும். அவருக்கும் நீங்கள் திடீரென்று நின்ற பிறகுதான் தெரியும். அதற்கப்புறம் அவர் சொல்வது வேறு பாஷையாக இருக்கும்.

ஆகவே பல வண்டிகளுக்கு "உன் விளக்கு எரியவில்லை" என்று முதன்முதலில் சொல்பவர் மோட்டார் வாகன ஆய்வாளர்தான். சொல்லும் இடம், எஃப்.சி. மைதானம்.

எஃப்.சி. என்றால் என்னவென்று நம் ஆட்டோமொபைல் நண்பர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மற்ற பிரிவு நண்பர்களுக்காகச் சுருக்கமாக. ஆட்டோ, டாக்சி, வேன், லாரி, பஸ் என்று வாடகைக்கு ஓடும் வண்டி எதுவானாலும் அது சாலையில் ஓடத் தகுதியானது என்று வட்டாரப் போக்குவரத்து அலுவலகம் தரும் சான்றிதழ் அது. 2018 நவம்பரில் மாற்றப்பட்ட விதிப்படி, வண்டிக்கு 8 வயது ஆகும்வரை 2 வருஷத்துக்கு ஒருமுறை, அதற்கு மேல் வருஷா வருஷம் எடுக்கவேண்டும். நம் வீட்டு ஸ்கூட்டருக்கும் காருக்கும் இந்தத் தொல்லை 15 வருஷம் கிடையாது. 15 முடிந்ததும் ஆர்.சி.யைப் புதுப்பிக்க அவையும் ஆய்வுக்குப் போய்த்தான் ஆகவேண்டும். மந்தைவெளி டி.என். 06, திருவான்மியூர் டி.என். 07, கே.கே. நகர் டி.என். 09 என்று நம் பக்கத்து வண்டிகளின் நம்பரைப் பார்த்தாலே எந்த ஆபீஸ் பிள்ளை என்று தெரிந்துவிடும்.

அந்த ஆய்வில் இன்ஜின் உருகிப்போய், சேஸிஸ் விரிசல் விட்டு, ஸ்டியரிங் ஆடித் திரும்பி வருகிற வண்டிகளைப் பற்றி நான் பேச வரவில்லை. அது பெரிய இடத்து விவகாரம். ஒரு இண்டிகேட்டர் கண் சிமிட்டாததற்கும், நம்பர் பிளேட் விளக்கு எரியாததற்கும், ஒரு பக்கம் பிரேக் லைட் மங்கியதற்கும் "சரிசெய்து கொண்டு வா" என்று திருப்பி அனுப்பப்படும் வண்டிகளைப் பற்றித்தான் சொல்கிறேன். ஆட்டோக்காரருக்கு அன்றைய சவாரி போச்சு. மறு ஆய்வுக்கு இன்னொரு நாள் சவாரி போச்சு. நடுவில் ஒரு எலெக்ட்ரீஷியன் கடையில் அரை நாள். வாசலில் நிற்கும் புரோக்கர் "நான் பாத்துக்கறேன்" என்று தோளில் கை போட்டால் அதற்குத் தனிக் கணக்கு.

என் கட்சி இதுதான்: இந்தச் சின்ன விளக்குக் கோளாறுகளில் பெரும்பாலானவற்றை வீட்டு வாசலில் ஒரு மாலைப்பொழுதில் சரிசெய்துவிடலாம். அதைச் செய்யத் தெரிந்த கூட்டம் என்று இந்த ஊரில் ஒன்று இருக்கவேண்டுமானால் அது பாலிடெக்னிக் மாணவர் கூட்டமாகத்தான் இருக்கவேண்டும். நாமோ ஓம்ஸ் விதியைப் பரீட்சைப் பேப்பரில் எழுதிவிட்டு, வீட்டு வண்டியின் இண்டிகேட்டர் எரியாவிட்டால் மெக்கானிக்கைத் தேடி ஓடுகிறோம்!

போன வருஷம் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். மயிலாப்பூரில் எங்கள் தெருக் கோடியில் ஒரு ஆட்டோ ஸ்டாண்ட். அதில் ஒரு அண்ணன் எஃப்.சி.க்குப் போய் வெறுங்கையோடு திரும்பி வந்தார். எந்த ஆபீஸ் என்பது இங்கே முக்கியமில்லை. கையில் ஒரு துண்டுச்சீட்டு. "லைட்ஸ் டிஃபெக்டிவ்" என்று இரண்டே வார்த்தை. எந்த லைட்? முன்னாலா பின்னாலா? இடமா வலமா? சீட்டில் இல்லை. 1988-ஆம் வருஷ மோட்டார் வாகனச் சட்டம் 56-ஆம் பிரிவில் தெளிவாகச் சொல்கிறது, தகுதிச் சான்று மறுக்கப்பட்டால் மறுத்ததற்கான காரணங்களை உரிமையாளருக்கு எழுத்து மூலம் கொடுக்கவேண்டும் என்று. இரண்டு வார்த்தையும் எழுத்துதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் டாக்டர் சீட்டில் "உடம்பு சரியில்லை" என்று எழுதிக் கொடுத்தால் மருந்துக் கடைக்காரர் எதைக் கொடுப்பார்?

அவர் எங்களிடம் வந்ததற்குக் காரணம் நம்பிக்கை அல்ல, கிண்டல். "இன்னா தம்பி, எலெக்ட்ரிகல்தானே படிக்கிறே? பல்பு புச்சு. போட்டு ரெண்டு நாள்தான் ஆவுது. அப்புறம் ஏன் எரிய மாட்டேங்குது, சொல்லு பாப்போம்" என்றார். கூட இருந்த நாலு டிரைவர்கள் சிரித்தார்கள். நானும் என் வகுப்பு நண்பர்கள் இருவரும் அன்று மாலை மீட்டரும் ஸ்க்ரூ டிரைவருமாக உட்கார்ந்தோம்.

முதலில் எது எரிகிறது, எது எரியவில்லை என்று ஒரு பேப்பரில் எழுதினோம். இதைச் செய்யாமல் ஸ்க்ரூ டிரைவரைக் கையில் எடுக்கவே கூடாது என்பது என் அபிப்பிராயம். பிரேக்கை மிதித்தால் வலது பக்கம் பளிச். இடது பக்கம் ஒன்றுமில்லை. இரண்டு பக்கமும் எரியாவிட்டால் சந்தேகம் பிரேக் சுவிட்ச் மேல் போகும், அல்லது பியூஸ் மேல் போகும். ஒன்று எரிந்து ஒன்று எரியாவிட்டால் சுவிட்சும் பியூஸும் நிரபராதிகள். கோளாறு அந்த விளக்குக்குப் பக்கத்திலேயேதான் இருக்கிறது, ஒரு அடி ஒயருக்குள். இந்த ஒரு யோசனையிலேயே பாதி வேலை முடிந்துவிடுகிறது.

பல்பைக் கழற்றி ஹோல்டரின் நடு முனைக்கும் விளக்கின் தகரத்துக்கும் நடுவே மீட்டரை வைத்தோம். 12.4 வோல்ட். கரண்ட் ஜோராக வந்து நிற்கிறது! பல்பைப் போட்டால் இருட்டு. பல்பை வலது பக்க ஹோல்டரில் போட்டால் எரிகிறது. பல்பும் நல்ல பல்பு, வோல்டேஜும் இருக்கிறது, வெளிச்சம் மட்டும் இல்லை. டிரைவர்கள் இன்னும் கொஞ்சம் சிரித்தார்கள்.

இங்கேதான் லேபில் கற்றதும் தெருவில் கற்றதும் சந்திக்கின்றன. டிஜிட்டல் மீட்டர் தன் பங்குக்குக் கிட்டத்தட்ட கரண்டே எடுப்பதில்லை. வழியில் துருவோ பெயிண்டோ தடையாக இருந்தாலும் அதற்குக் கவலையில்லை, 12.4 என்று காட்டிவிடும். மீட்டர் பொய் சொல்லவில்லை, பாரம் ஏற்றாமல் பார்த்த வண்டியைப் பற்றிச் சொல்கிறது, அவ்வளவுதான். பல்பு அப்படியா? 21 வாட் பல்புக்கு ஒன்றே முக்கால் ஆம்பியர் வேண்டும். அவ்வளவு கரண்ட் ஓட வேண்டுமென்றால் போகும் வழி மட்டும் சுத்தமாக இருந்தால் போதாது, திரும்பி வரும் வழியும் சுத்தமாக இருக்கவேண்டும். அந்தத் திரும்பும் வழிதான் எர்த். வண்டியில் அது தனி ஒயர் அல்ல பல இடங்களில். வண்டியின் தகர உடம்பே எர்த்.

ஒரு துண்டு ஒயரை எடுத்து ஒரு முனையை விளக்கின் தகரத்திலும் மறு முனையைச் சேஸிஸில் சுத்தமான ஒரு போல்ட்டிலும் வைத்து, "பிரேக் மிதிங்கண்ணே" என்றோம். பளிச்சென்று எரிந்தது. சிரிப்பு நின்றது.

காரணத்தைக் கேட்டால் உங்களுக்கும் சிரிப்பு வரும். எஃப்.சி.க்குப் போகும் முன் வண்டிக்குப் புதுப் பெயிண்ட் அடிப்பது நம் ஊர் வழக்கம். கல்யாணத்துக்கு வீட்டுக்கு வெள்ளையடிப்பது மாதிரி. அந்த அண்ணனும் பளபளவென்று மஞ்சள் அடித்திருந்தார். பெயிண்டர் விளக்கைக் கழற்றிவிட்டு, ஸ்க்ரூ உட்காரும் இடத்திலும் இரண்டு கோட் தாராளமாக அடித்து, காய்ந்ததும் விளக்கை அதன் மேலேயே மாட்டிவிட்டார். பெயிண்ட் மின்சாரத்துக்கு மதில் சுவர். ஸ்க்ரூவின் புரியில் ஏதோ கொஞ்சம் தொட்டும் தொடாமலும் இருந்ததால் மீட்டர் மட்டும் ஏமாந்தது. எஃப்.சி.க்காக அடித்த பெயிண்டே எஃப்.சி.யைக் கெடுத்தது! ஸ்க்ரூவைக் கழற்றி, உட்காரும் இடத்தை உப்புத்தாளால் தகரம் மின்னும்வரை தேய்த்து, பல் வைத்த ஸ்டார் வாஷர் ஒன்று போட்டு இறுக்கி, மேலே கொஞ்சம் வாசலைன் தடவினோம். நம்பர் பிளேட் விளக்கும் அதே வியாதிதான். மொத்தச் செலவு வாஷரும் உப்புத்தாளும். மறு ஆய்வில் பாஸ். "எர்த் சரியில்ல தம்பி, எர்த் சரியில்ல" என்று இப்போது அவர் மற்ற டிரைவர்களுக்கு வகுப்பு எடுக்கிறார்.

எர்த் முழுசாகப் போனால் விளக்கு எரியாது, ஆள் பார்த்துக் கண்டுபிடித்துவிடலாம். பாதி போனால்தான் ஆபத்து. கணக்குப் போட்டுப் பாருங்கள். 12 வோல்ட்டில் எரியும் 21 வாட் பல்பின் தடை சுமார் 6.9 ஓம். துருப்பிடித்த எர்த்தில் வெறும் 1 ஓம் கூடுதலாகச் சேர்ந்தால் பல்புக்குக் கிடைப்பது பத்தரை வோல்ட்தான். ஒன்றரை வோல்ட்தானே போச்சு என்று நினைக்காதீர்கள். இழை பல்பின் வெளிச்சம் வோல்டேஜோடு நேராகக் குறைவதில்லை, அதைவிட வேகமாகச் சரியும். இந்த ஒன்றரை வோல்ட்டில் வெளிச்சம் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் காணாமல் போய்விடும். டிசம்பர் மாதம் சென்னையில் மாலை ஆறு மணிக்குள் சூரியன் மறைந்துவிடுகிறது. மழை வேறு. ராஜீவ் காந்தி சாலையில் உங்கள் பின்னால் ஒரு மாநகரப் பேருந்து. அந்த டிரைவரின் கண்ணுக்கு உங்கள் டெயில் லைட்டுக்கும் பிரேக் லைட்டுக்கும் வித்தியாசம் தெரியவேண்டும். அந்த வித்தியாசத்தைத்தான் இந்த 1 ஓம் தின்றுவிடுகிறது. எஃப்.சி. பாஸாவது இரண்டாம்பட்சம்.

பாதி எர்த் போனதற்கு இன்னொரு அடையாளமும் உண்டு. பிரேக்கை மிதித்தால் இண்டிகேட்டரும் கூடவே மங்கலாக எரியும். இண்டிகேட்டர் போட்டால் டெயில் லைட் சேர்ந்து சிமிட்டும். திரும்பும் வழி அடைபட்டதால் கரண்ட் பக்கத்து வீட்டு வழியாகப் போகிறது. இதைப் பார்த்ததும் ஒயரிங்கே போச்சு என்று முழு ஒயரிங்கை மாற்றச் சொல்பவர் உண்டு. முதலில் அந்த ஒற்றை ஸ்க்ரூவைத் தேய்த்துப் பாருங்கள் ஐயா!

நம் பக்கத்து வண்டிகளுக்கு இந்த வியாதி கொஞ்சம் அதிகம் வருவதில் ஆச்சரியம் இல்லை. சாந்தோம், பெசன்ட் நகர், திருவான்மியூர் எல்லாம் கடலுக்கு வாசற்படி. உப்புக் காற்று தகரத்தைத் துருவாக்கும், செம்பைக் களிம்பாக்கும். இது போதாதென்று மழை. 2015 டிசம்பர் வெள்ளத்தில் கோட்டூர்புரத்திலும் வேளச்சேரியிலும் வண்டிகள் மூழ்கிக் கிடந்ததை மறக்கமுடியுமா? 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோதும் அதே கதை. இன்ஜினைப் பிரித்துச் சுத்தம் செய்தார்கள், சீட்டைக் காயவைத்தார்கள். பின் விளக்கு ஹோல்டருக்குள் பூத்த பச்சைக் களிம்பை யார் பார்த்தது? அது ஒரு வருஷம் கழித்து எஃப்.சி. மைதானத்தில் தலையைக் காட்டும். இவ்வளவுக்கும் இந்தியாவின் வண்டி விளக்கு வேலைக்கே பேர்போன ஊர் இது. லூகாஸ் டி.வி.எஸ். தொழிற்சாலை இருப்பதால் பாடிப் பக்கத்தில் அந்த இடத்துக்கே "லூகாஸ்" என்றுதான் பெயர். அந்த ஊர்க்காரர்கள் எர்த்துக்குப் பயப்படலாமா?

எர்த்துக்கு அடுத்த குற்றவாளி ஹோல்டர். டெயில் லைட்டும் பிரேக் லைட்டும் ஒரே பல்புக்குள் இருக்கும் 21/5 வாட் இரட்டை இழை பல்பைப் பார்த்திருப்பீர்கள். அதன் பக்கவாட்டில் இருக்கும் இரண்டு முளைகளும் ஒரே உயரத்தில் இல்லை, கவனியுங்கள். தலைகீழாக மாட்டிவிடக்கூடாது என்பதற்காகவே அப்படி வைத்திருக்கிறார்கள். நம் ஆட்கள் அதையும் அழுத்தித் திருகி மாட்டிவிடுகிறார்கள்! விளைவு, ராத்திரி முழுக்க பிரேக் லைட் எரிகிறது, பிரேக் மிதித்தால் வித்தியாசமே தெரிவதில்லை. ஹோல்டருக்குள் இருக்கும் ஸ்பிரிங் தளர்ந்து, பல்பின் காலடியில் இருக்கும் ஈயப் பொட்டு தேய்ந்திருந்தாலும் வண்டி குலுங்கும்போது மட்டும் அணையும். வீட்டில் எரியும், ஆய்வாளர் முன்னால் எரியாது. இதற்குப் பேய் காரணம் இல்லை. பேட்டரி ஒயரைக் கழற்றிவிட்டு, உப்புத்தாளைச் சுருட்டி உள்ளே விட்டு இரண்டு திருகு திருகினால் சரியாகிவிடும்.

இண்டிகேட்டர் நிமிஷத்துக்கு 60-க்குக் குறையாமல், 120-க்கு மேல் போகாமல் சிமிட்டவேண்டும் என்பது விதி. கடிகாரத்தை வைத்து எண்ணலாம், இதற்கு எந்தப் படிப்பும் வேண்டாம். காரில் ஒரு பக்கம் மட்டும் படபடவென்று அடித்துக்கொண்டால் அந்தப் பக்கம் ஒரு பல்பு போய்விட்டது என்று அர்த்தம். பழைய டூவீலர் பிளாஷர்களில் இதற்கு நேர்மாறு. ஒரு பல்பு போனால் மெதுவாகும், அல்லது நின்றே போகும். பிளாஷரை மாற்று என்று கடைக்காரர் சொல்லும் முன் பல்பைப் பாருங்கள்.

பியூஸ் விஷயத்தில் மட்டும் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். சிகரெட் பாக்கெட்டின் வெள்ளித் தாளைச் சுற்றி வைத்துவிட்டு "அப்பாடா எரியுது" என்று போகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பியூஸ் போவது வியாதி இல்லை, காய்ச்சல். எங்கோ ஒயர் உரசுகிறது என்று சொல்லத்தான் அது உயிரை விடுகிறது. வெள்ளித் தாள் உயிரை விடாது. அடுத்து எரிவது ஒயரிங். எல்.பி.ஜி. ஆட்டோவில் அந்த ஒயர் எதன் பக்கத்தில் போகிறது என்று யோசித்துக்கொள்ளுங்கள். காஸ் வாடை லேசாக வந்தால்கூட விளக்கு வேலையைத் தொடாதீர்கள், தள்ளிக்கொண்டு போய் நிறுத்துங்கள்.

ஹெட்லைட்டைப் பற்றிச் சொல்லாவிட்டால் கட்டுரை முடியாது. டிம் வெளிச்சம் எதிரே வருகிறவர் கண்ணைக் கூசவைக்கக்கூடாது. 8 மீட்டர் தள்ளி, 1.5 மீட்டர் உயரத்தில் இருக்கும் கண்ணை வைத்துச் சொல்கிறது மத்திய மோட்டார் வாகன விதி. இதை வீட்டுச் சுவரிலேயே பார்க்கலாம். டயரில் காற்று சரியாக இருக்கட்டும், சீட்டில் ஒருவர் உட்காரட்டும். விளக்கின் நடு உயரத்தைச் சுவரில் சாக்பீஸால் குறித்துக்கொண்டு, 10 மீட்டர் பின்னால் வண்டியை நிறுத்தினால் டிம் வெளிச்சத்தின் மேல் விளிம்பு அந்தக் கோட்டுக்குச் சுமார் 10 சென்டிமீட்டர் கீழே விழவேண்டும். மயிலாப்பூர் சந்துகளில் 10 மீட்டருக்கு எங்கே போவது என்று கேட்பீர்கள். 5 மீட்டரில் 5 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். எதிர் வீட்டு மாமி ஜன்னலைச் சாத்திக்கொண்டால் விளக்கு மேலே பார்க்கிறது என்று பொருள்! ஹாலஜன் பல்பை மாற்றும்போது கண்ணாடியை விரலால் தொடாதீர்கள். விரலின் எண்ணெய்ப் பசை சூட்டில் அந்த இடத்தைக் கெடுத்துவிடும். துணியால் பிடித்து, மூன்று காதுகளும் சரியான பள்ளத்தில் உட்கார்ந்ததா என்று பாருங்கள்.

வெள்ளை வெளேரென்று எல்.இ.டி. பல்பை வாங்கி ஹாலஜனுக்காகச் செய்த ரிஃப்ளெக்டரில் மாட்டுகிற நண்பர்களுக்கு என் அனுதாபம். உங்களுக்குச் சாலை தெரிகிறதோ இல்லையோ, எதிரே வருகிறவருக்கு எதுவும் தெரிவதில்லை. தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பை உரிமையாளர் இஷ்டத்துக்கு மாற்றக்கூடாது என்கிறது சட்டத்தின் 52-ஆம் பிரிவு. கழற்றிவிட்டுத்தான் ஆய்வுக்குப் போகவேண்டியிருக்கும், திரும்பி வந்து மறுபடி மாட்டாமல் இருந்தால் புண்ணியம். மின்சார வண்டிகளில் ஆரஞ்சு நிற ஒயர் கண்ணில் பட்டால் கையைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள், அது நம் 12 வோல்ட் சமாச்சாரம் இல்லை. உடைந்த ஹெட்லைட்டை ஒட்டுவது, முழு ஒயரிங்கைப் பிரிப்பது எல்லாம் தொழில் தெரிந்தவருக்கு விட்டுவிட வேண்டியவை.

இங்கே ஒரு நண்பர் கேட்டார்: "எல்லாத்தையும் நாமே செஞ்சுட்டா, தெரு முனையில கடை வெச்சிருக்கிற எலெக்ட்ரீஷியன் பொழப்பு என்ன ஆவுறது?" நியாயமான கேள்விதான். அந்தக் கடைகளில் பலவற்றில் வேலை பார்ப்பவர் நம் சீனியர்கள்தான் என்பதும் தெரியும். ஆனால் அவர்களோடு பேசிப் பாருங்கள். ஸ்டார்ட்டர், ஆல்டர்னேட்டர் வேலை கைநிறைய இருக்கும்போது, "நாளைக்கு எஃப்.சி., இப்பவே இந்த பல்பைப் பாரு" என்று ராத்திரி எட்டு மணிக்கு வந்து நிற்கும் வண்டியை அவர்களே விரும்புவதில்லை. அதற்குக் காசு வாங்கவும் கூசும், வாங்காமலும் இருக்கமுடியாது.

இன்னொரு வகை உண்டு. எஃப்.சி. அன்றைக்கு மட்டும் பக்கத்து வண்டியிலிருந்து நல்ல பல்பையும் நல்ல டயரையும் கடன் வாங்கி மாட்டி, பாஸானதும் கழற்றிக் கொடுத்துவிடுவது. கேள்விப்படாதவர் யார்? இதைச் சாமர்த்தியம் என்று சிலர் பெருமையாகச் சொல்கிறார்கள். சான்றிதழ் வண்டியில் ஒட்டியிருக்கிறது, பிரேக் லைட் வேறொரு வண்டியில் எரிகிறது. அந்த வண்டியில் பள்ளிக்கூடம் போகும் குழந்தைகள் யார் வீட்டுக் குழந்தைகள்? இந்த வேலைக்கு நாம் துணைபோகக்கூடாது. நாம் சரிசெய்வது ஆய்வாளருக்குக் காட்டுவதற்காக அல்ல.

இங்கிலாந்தில் 1960-இல் இந்த மாதிரி ஆய்வைத் தொடங்கியபோது பத்து வயதான கார்களுக்குப் பிரேக், ஸ்டியரிங், விளக்கு இந்த மூன்றை மட்டும்தான் பார்த்தார்களாம். அறுபது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது, பட்டியல் எங்கேயோ நீண்டுவிட்டது. இன்றைக்கும் அங்கே வண்டிகள் ஃபெயிலாகும் காரணங்களில் விளக்குக் கோளாறு முன்வரிசையில் நிற்கிறது. ஆக இது நம் ஊருக்கு மட்டும் வந்த அவமானம் இல்லை. ஆனால் அங்கே ஆய்வாளர் எதை எதைப் பார்ப்பார், எது இருந்தால் ஃபெயில் என்ற கையேட்டை யார் வேண்டுமானாலும் படித்துக்கொள்ளலாம். நம் ஆபீஸ் சுவரில் தலைவர் படம் தொங்குகிறது, கட்டணப் பட்டியல் தொங்குகிறது. "ஐயா, உங்கள் வண்டியில் இந்த இந்த விளக்கைப் பார்ப்போம், வீட்டிலேயே பார்த்துவிட்டு வாருங்கள்" என்று நல்ல தமிழில், பெரிய எழுத்தில் ஒரு அட்டை தொங்கினால் என்ன குறைந்துவிடும்? மறுத்து அனுப்பும் சீட்டிலும் "இடது பின் பிரேக் விளக்கு எரியவில்லை" என்று ஒரு வரி எழுத எவ்வளவு மை செலவாகும்? இயந்திரம் வைத்துச் சோதிக்கும் தானியங்கி நிலையங்களுக்கான விதிகளை 2021-இல் மத்திய அரசு கொண்டுவந்துவிட்டது. இயந்திரத்திடம் "அண்ணே, கொஞ்சம் பாத்துப் போடுங்க" என்று சொல்லமுடியாது. ஹெட்லைட் மேலே பார்த்தால் மேலே பார்க்கிறது என்றுதான் அது சொல்லும். இனிமேல்தான் வீட்டு வாசல் வேலை அதிகமாகத் தேவைப்படப் போகிறது.

ஆகவே நம் மாணவர் பேரவைக்கு ஒரு யோசனை. விழாவுக்கு ஆர்க்கெஸ்ட்ரா வைக்கிறோம், கிரிக்கெட் நடத்துகிறோம், ரத்ததானம் செய்கிறோம். எல்லாம் சரி. மாதத்தில் ஒரு சனிக்கிழமை மாலை நான்கிலிருந்து ஏழு வரை நம் ஒர்க் ஷாப் வாசலில் எஃப்.சி.க்குப் போகப்போகும் வண்டிகளுக்கும், திரும்பி வந்த வண்டிகளுக்கும் விளக்கு மட்டும் பார்த்துக் கொடுப்போம். விளக்கு மட்டும். பிரேக், இன்ஜின் என்று ஆசைப்பட்டால் வம்பு. ஆட்டோமொபைல் பிரிவும் எலெக்ட்ரிகல் பிரிவும் சேர்ந்து செய்யட்டும், எப்போதும் கேன்டீனில் சண்டை போடுவதற்குப் பதிலாக. ஒரு ஆசிரியர் கூட இருக்கவேண்டும், பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றாமல் எந்த ஒயரிலும் கைவைக்கக்கூடாது, எதைப் பார்த்தோம் எதைச் சரிசெய்தோம் என்று தமிழில் ஒரு சீட்டு எழுதிக் கொடுக்கவேண்டும். பல்பை வண்டிக்காரரே வாங்கி வரட்டும். ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் புதுசு கிடைக்கும், பழைய ஹோல்டர் வேண்டுமானால் புதுப்பேட்டை இருக்கவே இருக்கிறது. நமக்குக் காசு வேண்டாம், டீ வாங்கிக் கொடுத்தால் மறுக்கமாட்டோம்.

கருவி என்று பெரிதாக ஒன்றுமில்லை. உப்புத்தாள், ஸ்டார் வாஷர், இன்சுலேஷன் டேப், ஸ்க்ரூ டிரைவர், ஸ்பேனர் செட். மீட்டர் லேபில் இருக்கிறது. மீட்டரை விட முக்கியம் டெஸ்ட் லேம்ப். பழைய 10 வாட் இண்டிகேட்டர் பல்பு ஒன்று, ஹோல்டர் ஒன்று, இரண்டு ஒயர், முனையில் ஒரு கிளிப். மீட்டர் ஏமாறும் இடத்தில் இது ஏமாறாது, ஏனென்றால் இது நிஜமாகவே கரண்ட் எடுக்கும். இப்படி ஆறு போதும். பழைய ஹோல்டர்கள் ஒரு டப்பா நிறைய நம் ஸ்டோர் ரூமில் மேல் அலமாரியில் கிடப்பதைப் போன செமஸ்டரில் பார்த்தேன். ஸ்டோர் கீப்பர் சார் சாவி கொடுத்தால் அடுத்த சனிக்கிழமையே கட்டி முடித்துவிடுவோம்.